உளுந்து வேகும் இரவு

டெல்லி மௌரியா ஹோட்டலின் புகாரா உணவகத்தில் சாப்பிட்ட கருப்பு உளுந்துப் பருப்பின் ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. கூடவே ஒரு உறுத்தலும் போகவில்லை. இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்து வந்தவை என்பதால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வழியில்லாமல் இருக்கிறேன். விலையைப் பற்றிய உறுத்தல் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஒரு கிண்ணம் பருப்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கும்போது கூச்சம் வரத்தான் செய்கிறது. ஆனால் அது பில் கட்டிய கையோடு மறைந்துவிடும் கூச்சம். நட்சத்திர ஹோட்டலில் குடிக்கும் காப்பிக்கும் அது உண்டு. கழுத்தில் கட்டம் போட்ட துணியைக் கட்டிவிட்டுக் கையால் சாப்பிடச் சொல்கிறார்களே, அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. முள்கரண்டி இல்லாத மேசை நமக்கெல்லாம் நிம்மதியான மேசை. உறுத்துவது இதுதான்: பருப்பு இரவு முழுக்க வெந்தது என்று அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே வருகிறார்கள். அந்த இரவு யாருடையது என்பது மட்டும் அந்தக் கூடத்தில் எங்கும் தெரிவதில்லை.

பருப்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். செம்பழுப்பு நிறம். கரண்டியைச் சாய்த்தால் ஓடாது, ஒட்டிக்கொண்டு நின்றும்விடாது. தயங்கித் தயங்கி இறங்கும். உளுந்து முழுசு முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது. வாயில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தினால் தோல் வேறு மாவு வேறு என்று பிரியாமல் சேர்ந்தே கரைகிறது. தக்காளியின் புளிப்பு எங்கோ அடியில் கிடக்கிறது. இஞ்சியும் பூண்டும் காரத்தை இழந்து ஒருவித இனிப்பாகியிருக்கின்றன. வெண்ணெயும் பாலேடும் கடைசியில் வந்து சேர்பவை. மசாலாப் பொடிகளின் கூட்டம் கிடையாது. தோலோடு இருக்கும் உளுந்து பிடிவாதமான பயறு. குக்கரில் போட்டு விசில் விட்டால் வெந்துவிடும்தான். ஆனால் வெந்த உளுந்தும் சுற்றியுள்ள தண்ணீரும் ஒன்றோடொன்று பேசாமல் நிற்கும். உள்ளேயிருக்கும் கொழகொழப்பும் மாவும் மெல்ல வெளியே வந்து தண்ணீரில் கலந்து, புளிப்பையும் கொழுப்பையும் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ள நேரம் வேண்டும். கரி கனன்றுகொண்டே இருக்க வேண்டும், தளதளவென்று கொதி வரக் கூடாது, அடி பிடிக்கக் கூடாது. 18 மணி நேரம் வரை ஆகும் என்கிறார்கள். நம் பக்கமும் உளுந்துக்கு இரவு புதிதில்லை. அரைத்துக் கரைத்து மூடி வைத்துவிட்டுப் படுத்தால், நாம் தூங்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை பார்த்து, விடியும்போது மாவு பொங்கி மூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கே உளுந்து நெருப்பின் மேல் இருக்கிறது. நெருப்பை மூடி வைத்துவிட்டு யாரும் படுக்க முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் பழைய ராஜேந்தர் நகரில் நான் மாடியறையில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. தெருவே அவரைப் பீஜி என்றுதான் கூப்பிடும். ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1947இல் சிறுமியாக ரயிலேறி வந்தவர். ஞாயிற்றுக்கிழமைக்கான பருப்பைச் சனிக்கிழமை இரவே அடுப்பில் ஏற்றிவிடுவார். ஊரில் இதற்கென்று ஹாரா என்ற மண் அடுப்பு இருந்ததாம். அதில் வறட்டியைக் கனியவிட்டு உளுந்துப் பானையை இறக்கி மூடிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்களாம். டெல்லியில் ஹாரா ஏது? கேஸ் அடுப்பின் சின்ன பர்னரில், பழைய தோசைக்கல் போன்ற ஒரு இரும்புத் தட்டைப் போட்டு அதன் மேல் பாத்திரத்தை வைப்பார். நடு இரவில் கரண்டி அடியை உரசும் சத்தம் மாடிப்படி வழியாக மேலே வரும். ஒருமுறை தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கியபோது, சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நீ போய்த் தூங்கு பேட்டா, இதைத் தனியா விட்டா கோவிச்சுக்கும்" என்றார். மறுநாள் அந்தப் பருப்பை எங்களுக்குக் கொடுத்தனுப்பும்போது தான் கண்விழித்ததைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தோம். அந்தச் சத்தம் பருப்பின் ருசியில் சேர்ந்த ஒன்று என்று நான் உணர்ந்தது, அந்தச் சத்தமே இல்லாத இடத்தில் அதே பருப்பைச் சாப்பிட்டபோதுதான்.

புகாராவின் கூடத்தில் உட்கார்ந்தால் கண்ணில் படுபவை: கரடுமுரடான கல் சுவர், மரத்தை அப்படியே அறுத்துப் போட்டது போன்ற மேசை, முதுகு சாய வழியில்லாத குட்டை முக்காலிகள், தொங்கும் செம்புப் பாத்திரங்கள், மரப்பலகையில் எழுதிய மெனு. ஒரு பக்கம் கண்ணாடி. அதற்கு அப்பால் தந்தூர் அடுப்புகளும் நீளமான இரும்புக் கம்பிகளுமாக ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ஒரு சமையல்காரர் ஈரத்துணி போர்த்திய திண்டின் மேல் மாவை விரித்து, தோள் வரை குனிந்து அடுப்புச் சுவரில் அறைந்துவிட்டு நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த முன்கையில் முடியே இல்லை. வடமேற்கு எல்லைப்புறத்து மலைவாசிகள் கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுத் தின்ற வாழ்க்கையை நினைவூட்டுவதற்கான ஏற்பாடுகள் இவை. உணவகத்தின் பெயரோ இன்னும் வடக்கே, இன்றைய உஸ்பெகிஸ்தானின் பழைய வணிக நகரத்துடையது. ஆட்டுத்தொடை முழுசாக வெந்து, சுடப்பட்டு, எலும்பிலிருந்து தானே கழன்று விழும் பக்குவத்தில் வருகிறதே, அந்த சிக்கந்தரி ரானுக்கு அலெக்சாண்டரின் பெயர். நம்மை இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னால் கூட்டிப்போய், மலைக்கணவாயில் ஒரு நெருப்பின் முன் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த இறைச்சியைப் பிய்த்துச் சாப்பிடும்போது அதற்கு நானும் இணங்கிப்போனேன்.

ஆனால் இந்தச் சாப்பாடு டெல்லிக்கு வந்த வழி அலெக்சாண்டரின் வழியில்லை. பெஷாவரின் நமக் மண்டியில் உப்பும் ஆட்டுக்கொழுப்பும் தவிர வேறெதுவும் சேராத இறைச்சியைச் சுடுகிறார்கள்; தக்காளியும் பாலேடும் சேர்ந்த உளுந்துப் பருப்புக்கு அந்த மலைகளில் இடமில்லை. அது பஞ்சாபின் வயல்வெளி வீடுகளிலிருந்து புறப்பட்டு, டெல்லியில் வேறொன்றாக மாறிய பருப்பு. மாற்றியவர்கள் அகதிகள். பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ராலும் குந்தன் லால் ஜக்கியும் தரியாகஞ்சில் மோதி மகாலைத் தொடங்கியது 1947இல். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது டெல்லியில் இருந்த அகதிகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். நகரத்தில் நால்வரில் ஒருவருக்கு மேல். புரானா கிலாவிலும் கிங்ஸ்வே முகாமிலும் கூடாரத்தில் கிடந்தவர்கள் பிறகு ராஜேந்தர் நகர், லாஜ்பத் நகர், படேல் நகர் என்று சிறு சிறு மனைகளில் குடியேறினார்கள். தந்தூரும் அவர்களோடு வந்தது. பஞ்சாபின் கிராமங்களில் தந்தூர் தெருவுக்குப் பொது. மாலையில் பெண்கள் பிசைந்த மாவைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தி ரொட்டி போட மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சாஞ்சா சூலா என்பார்கள், பங்காளி அடுப்பு. அந்தத் தெருவும் அந்தப் பெண்களும் கலைந்துபோன பிறகு, அடுப்பு ஆண்கள் நடத்தும் கடைகளுக்குள் போயிற்று. கடைகளிலிருந்து 1970களின் பிற்பகுதியில் நட்சத்திர ஹோட்டலுக்குள் நுழைந்தது. புகாராவின் சுவர்களில் தொடக்கம் இருக்கிறது, அதாவது மலையும் கணவாயும். முடிவு நம் தட்டில் இருக்கிறது. நடுவில் வந்தவர்கள் எங்கேயும் இல்லை. முகாம் இல்லை, ரயில் இல்லை, முக்காலியில் கண்விழித்த பீஜி இல்லை.

எங்கேயும் இல்லை என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை. அந்த ஹோட்டலிலேயே அவர்கள் ஒரு இடத்தில் இருக்கிறார்கள். முகப்புக் கூடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேற்கூரை முழுக்க 'மாபெரும் ஊர்வலம்' என்ற பெரிய ஓவியம். வரைந்தவர் கிருஷன் கன்னா. 1925இல் லயல்பூரில், இன்றைய பைசலாபாத்தில், பிறந்து லாகூரில் வளர்ந்தவர். பிரிவினையில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தார். கிரிண்ட்லேஸ் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து சென்னையிலும் சில ஆண்டுகள் இருந்தார். 1961இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரையத் தொடங்கினார். கல்யாண ஊர்வலத்தில் பித்தளை வாத்தியம் வாசிப்பவர்கள், லாரியின் பின்னால் சுருண்டு தூங்கும் கூலியாட்கள், சாலையோரத் தாபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று வாழ்நாள் முழுக்க அவர் வரைந்ததெல்லாம் இடத்தை விட்டுப் பெயர்ந்து நகரத்தில் ஒதுங்கிய மனிதர்களை. அந்தக் கூரையிலும் சாதாரண ஜனங்கள்தான் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே பெட்டிகளை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் சாவி வாங்கிக்கொண்டு போகிறார்கள். சாப்பிட வந்தவர்கள் இடம் கிடைக்குமா என்ற கவலையில் விறுவிறுவென்று நடக்கிறார்கள். அகதியாக வந்த ஒருவர் மேலே ஊர்வலத்தை வரைந்து வைத்திருக்க, அகதிகள் கொண்டுவந்த அடுப்பின் முன்னால் அலெக்சாண்டரின் காலத்துக்குப் போய்விடுகிறோம். ஒரே கட்டடத்தில் இரண்டு ஞாபகங்கள், சில அடிகள் தள்ளி. அவை ஏன் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்ற கேள்வி என்னைத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

ஒரு ருசி யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றங்களும் விசாரித்திருக்கின்றன. இந்த ஹோட்டல் நிறுவனம் 1986இல் நியூயார்க்கில் ஒரு புகாராவைத் திறந்து 1991இல் மூடியது. சிகாகோவில் நடந்த கிளையின் உறவும் 1997இல் முடிந்தது. 1999இல் நியூயார்க்கில் 'புகாரா கிரில்' என்றொரு உணவகம் வந்தது. நடத்தியவர்களில் சிலர் முன்பு புகாராவில் வேலை பார்த்தவர்கள். பெயர் மட்டுமில்லை, மரப்பலகை மெனு, பணியாளர் உடை, கட்டம் போட்ட துணி எல்லாம் எங்களுடையவை என்று நிறுவனம் வழக்குப் போட்டது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெரிக்காவில் அந்தப் பெயரின் மீதிருந்த உரிமையை நிறுவனம் கைவிட்டுவிட்டதாகவே முடிவு செய்தது. டெல்லியிலும் 2024இல் மோதி மகாலின் வாரிசுகளுக்கும் ஜக்கியின் வழியில் வந்தவர்களுக்கும் இடையே வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. வெண்ணெய்க் கோழியையும் இதே உளுந்துப் பருப்பையும் முதலில் சமைத்தது எந்த குந்தன் லால் என்பது தகராறு. இந்த வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அயர்ச்சி வருகிறது. பெயர் யாருடையது, துணி யாருடையது, கதை யாருடையது என்பதற்கெல்லாம் வக்கீல் இருக்கிறார். வேலையை விட்டுப் போன சமையல்காரரின் கை கூடவே எடுத்துக்கொண்டு போகிறதே, கரி எப்போது சாம்பல் பூக்கிறது என்ற அறிவு, எந்தப் பதத்தில் வெண்ணெயைப் போடலாம் என்ற அறிவு, அதற்கு எந்தச் சட்டத்திலும் ஒரு பத்தி கிடையாது. புகாராவைக் கட்டியெழுப்பியவராக மதன் லால் ஜெய்ஸ்வாலின் பெயரைத் துறைக்குள் இருப்பவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். வெளியே எல்லோருக்கும் தெரிந்தது 2000 மார்ச்சில் பில் கிளிண்டன் அங்கே சாப்பிட்டார் என்பது. அவரை ஒட்டி ஒரு தட்டு உண்டாயிற்று, பிறகு ஒபாமாவை ஒட்டி இன்னொன்று. சாப்பிட்டவர் பெயர் உணவுக்கு வந்துவிடுகிறது. இது புகாராவுக்கு மட்டும் நேர்வதில்லை; சத்திரத்தைக் கட்டிய ராஜாவின் பெயர் கல்வெட்டில் இருக்கும், அங்கே உலை வைத்தவர் பெயர் இருக்காது. பழைய வழக்கம். பழையது என்பதால் வலிக்காமல் போய்விடுவதில்லை.

2001இல் நிறுவனம் இந்தப் பருப்பைப் பொட்டலமாக அடைத்துக் கடைகளுக்கு அனுப்பவும் தொடங்கியது. சுடவைத்தால் போதும். அதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அவசரத்துக்கு நன்றாகவே இருந்தது. அந்தப் பொட்டலத்தைப் பார்க்கையில்தான் உணவகமும் ஏறக்குறைய இதையே செய்கிறது என்று தோன்றியது. இரவை முழுசாகச் செலவழித்து, அதன் விளைவை மட்டும் நம் முன் வைப்பது. கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற நெருப்பு மாலை நேரத்து நெருப்பு. கம்பியில் கோத்த இறைச்சி உள்ளே போய்ச் சில நிமிடங்களில் சொட்டச் சொட்ட வெளியே வருவது பார்க்க அழகாக இருக்கிறது. வேகம் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. பருப்புப் பானை எதையும் நிகழ்த்திக் காட்டுவதில்லை. மணிக்கணக்காக அது மாறாமல் இருப்பதுபோல் தெரியும். கடைசி வாடிக்கையாளர் எழுந்துபோய், துடைத்துக் கழுவி, விளக்கணைத்த பிறகுதான் அதன் வேலை உண்மையில் தொடங்குகிறது. பார்க்க ஒன்றுமில்லாத வேலையைப் பார்க்கும்படி வைப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காட்டினால் நன்றாக இருக்கும் என்றும் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். முகாம்களின் பழைய புகைப்படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் செம்புப் பாத்திரத்தின் பக்கத்தில் அவையும் ஒரு அலங்காரமாகிவிடும். அகதிகளின் துயரம் மெனுவில் ஒரு வரியாகி, நாம் அதை வாசித்து உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு நான் ரொட்டி சொல்வோம். அதைவிட மலைவாசிக் கற்பனையே பரவாயில்லை என்றுகூடச் சில நேரம் நினைக்கிறேன். அதில் யாருடைய காயமும் விற்கப்படுவதில்லை.

தொடங்கிய நாளிலிருந்து மெனு மாறவில்லை என்பது புகாராவின் பெருமை. அரை நூற்றாண்டை நெருங்கும் பெருமை. ஒரு பருப்பை ஒவ்வொரு நாளும் அதே பதத்தில் இறக்குவது எவ்வளவு பெரிய ஒழுக்கம் என்று சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் முன்னால் தலைவணங்குகிறேன். ஆனால் பீஜியின் பருப்பு வாரத்துக்கு வாரம் மாறும். குளிர்காலத்தில் கெட்டியாக, நோன்பு முடிந்த வாரம் வெண்ணெய் கூடுதலாக, மகன் வேலையிழந்திருந்த மாதங்களில் வெண்ணெயே இல்லாமல். வீட்டு நிலவரத்தை அதன் மேல் படர்ந்த நெய்யிலிருந்து படித்துவிடலாம். இடம்பெயர்ந்து வந்தவர்களின் சமையல் இப்படித்தான் நெளிந்து கொடுத்து உயிர் பிழைத்தது. ஹாரா இல்லையென்றால் பர்னர், ஊர்த் தெரு இல்லையென்றால் தரியாகஞ்சுக் கடை. நெளிந்தே பிழைத்த ஒன்றை இனி அசையாதே என்று நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கும்போது அதன் ருசியைக் காப்பாற்றுகிறார்களா, அதன் சுபாவத்தை விட்டுவிட்டார்களா என்று குழம்பிப்போகிறேன். இரண்டும் ஒருசேர நடக்கிறது போலும்.

சாப்பாடு முடியும் தறுவாயில், பரிமாறிய இளைஞரிடம் இரவில் பருப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். முறை வைத்துக்கொண்டு செய்வார்கள் சார் என்றார். எந்த ஊர்க்காரர்கள் என்றதும் கொஞ்சம் யோசித்து, பல ஊர், அதிலும் கட்வால் பக்கத்து ஆட்கள் உண்டு, நானும் அங்கேதான் என்றார். அவர் முகம் தெளிந்தது. டெல்லியின் ஹோட்டல் அடுக்களைகளில் கட்வால் மலைக்காரர்கள் நிறைய. வேலை தேடி மேற்கேயும் தெற்கேயும் இறங்கி, ஊரில் வீடுகளைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். அவர்கள் ஊரிலும் கருப்பு உளுந்து உண்டு. சைன்சு என்று ஒன்று செய்வார்கள். தோலோடு உளுந்தை இரும்புச் சட்டியில் வறுத்து, கொரகொரவென்று பொடித்து, தாளித்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பார்கள். நிறம் கருமை, வாசனையில் வறுத்த உளுந்தின் புகை. அதற்கு ராத்திரி தேவையில்லை, சீக்கிரமே ஆகிவிடும். யாரோ ஒரு கட்வால்காரர் பெஷாவரின் பெயராலும் புகாராவின் பெயராலும் விற்கப்படுகிற பஞ்சாபிப் பருப்பைக் கிளறிக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார். தன் உளுந்தை அவர் எப்போது சாப்பிடுகிறார், விடுதி அறையில் சமைக்க அடுப்பு இருக்கிறதா, கூட வேலை செய்பவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறாரா? அந்த இளைஞரிடம் சைன்சு பற்றிக் கேட்டபோது, அம்மா செய்வதுபோல் வராது சார் என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசைக்காரர் கையசைத்ததால் போய்விட்டார். அவர் அம்மா அதை எப்படிச் செய்வார், பூண்டு போடுவாரா, நெய்யா கடுகெண்ணெயா என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ள அடுத்த முறையும் அவரே பரிமாற வரவேண்டும்.